மைமூன் பிடுங்கிய முடி

மிஷின் நின்றபோது அம்மா மூன்றாம் வீட்டுப் பவளத்தின் பட்டு ரவிக்கைக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தாள். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெல்லக் கனத்தது. பாரவண்டி மேட்டில் ஏறுவதுபோல் முனகியது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஊசி பட்டுக்குள் இறங்கியபடியே இருந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

அம்மா சக்கரத்தின் கைப்பிடியை முன்னுக்கு அழுத்தினாள். பின்னுக்கு இழுத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

மிஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எது நின்றாலும், எது உடைந்தாலும், பால் திரிந்தாலும்கூட முதலில் என்னைத்தான் பார்ப்பது வழக்கம். படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிற வீட்டில் குற்றவாளியைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

"அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அம்மா. "கேட்டியா நீ?"

அன்றைக்குச் சொன்னது

அன்றைக்கு என்றால் சரஸ்வதி பூசை அன்றைக்கு.

அந்த வருடம் எனக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியர் பரீட்சை. தீபாவளி கழிந்து சில வாரங்களில் வந்துவிடும். எங்கள் குலத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்து மணியைக்கூட அருகில் நின்று கேட்டதில்லை. அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் தேவை வந்ததில்லை. மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் கடைப் பலகைகளை நான் வாசித்துச் சொன்னால், அப்பா அக்கம்பக்கத்தில் நடப்பவர்களுக்கும் கேட்கும்படி "அப்புறம்?" என்பார். அப்படிப்பட்ட படிப்பு அது.

பூசையில் மிஷின் நடுவில் இருந்தது. பக்கத்தில் என் புத்தகங்கள் எல்லாம் அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, சந்தனம் தெளித்து வைத்திருந்தார்கள். விஜயதசமிக் காலை வரை தொடக்கூடாது. நான் தொட்டேன். பூகோளப் புத்தகத்தை அடியிலிருந்து உருவி, பின்கட்டில் உட்கார்ந்து, ஆப்பிரிக்காவின் ஆறுகளைப் படித்தேன். பரீட்சை வைப்பவர்களுக்கு சரஸ்வதி பூசை தெரியுமா? அம்மா பார்த்துவிட்டாள். "வேணாம்டி, அவ பொல்லாதவ," என்றாள். நான் நைல் நதியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இப்போது, மிஷின் நின்றதும், அம்மாவுக்குக் கணக்கு நேராகிவிட்டது.

"பூசையில வெச்ச புத்தகத்தை உருவினா அவ சும்மா இருப்பாளா? என் மிஷினைக் கட்டிப் போட்டுட்டா."

"கோவம்னா என் புத்தகத்தையில்ல கட்டணும்? மிஷின் என்னா பண்ணுச்சு?"

"வாயைப் பாரு. இதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா பள்ளிக்கூடத்துல?"

பிரம்புக் கூடையில் தெருவே கிடந்தது. எங்கள் வரிசையில் உள்ள வீடுகளின் தீபாவளிக் கோடி எல்லாம் அம்மாவிடம்தான் தைக்க வரும். அளவெடுத்து, துணி வெட்டி முடிந்திருந்தது. வெட்டின துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தீபாவளி விடியலில் ஒரு பிள்ளை பழைய சட்டையோடு நின்றாலும் அந்த வருடம் முழுக்க அம்மாவின் பெயர்தான் அடிபடும்.

"எல்லாத்தையும் கையாலதான் தைக்கணும். நானும் நீயும்," என்றாள். "புத்தகத்தை எடுத்து மேல வை. தீவாளி கழியட்டும்."

தீபாவளி கழிந்தபின் மிஞ்சுகிற நாட்களில் எவளும் பரீட்சைக்குப் படிக்க முடியாது. அதை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வருடம் எழுது என்றாள். அடுத்த வருடம் என்பது எங்கள் தெருவில் பெண்களுக்குக் கலியாணம் ஆகிற வருடம். அதை நான் சொல்லவில்லை, சொல்லி நினைவூட்டுவானேன்?

"கடைக்குக் கொண்டுபோகலாம்மா. ஒரு ரிக்‌ஷா புடிச்சா..."

"தீவாளிக்கு முன்னாடி லட்சுமியை வாசப்படி தாண்ட விடுவேனா?"

சற்றுமுன் சரஸ்வதி கட்டிப்போட்ட மிஷின் அதற்குள் எப்படி லட்சுமியானது என்று கேட்க நாக்கு துடித்தது. அதை விழுங்கிக்கொண்டு மிஷின் ரிப்பேர்க்காரரை வீட்டுக்கு அழைக்கப் போனேன். ஊரில் இருக்கிற தையல்காரர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்றார்கள். தீபாவளி முடியட்டும் என்று அவரும் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் எல்லாமே தீபாவளி முடிந்துதான்.

விபூதித் தட்டுக்கு அடியில் ஒரு புத்தகம்

அந்த மிஷின் எங்களிடம் வந்ததே ஒரு கதை. அப்பா அப்போது கடலோர பங்களா ஒன்றில் சமையல்காரர். அந்த வீட்டு வெள்ளைக்கார துரைசாணி சீமைக்குக் கப்பலேறும் நாளில், கப்பலில் ஏற்ற முடியாததையெல்லாம் வேலைக்காரர்களுக்குப் பங்கு வைத்தாராம். தோட்டக்காரருக்கு ஒரு நாய் கிடைத்தது. அப்பாவுக்கு இந்தக் கைமிஷின். நாய் கிடைத்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

அம்மாவுக்கு யாரும் தைக்கக் கற்றுத்தரவில்லை. தன் பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, பிரித்த வழியே திரும்பி வந்து, தானாகக் கற்றுக்கொண்டாள்.

மிஷினோடு இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் அம்மா அதை விபூதித் தட்டுக்கு அடியில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போய்ச் சில வருடம் ஆனபின் ஒருநாள் அதை இழுத்து நான் வாசித்தேன். மிஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். "இங்கேயெல்லாம் ஓட்டை இருக்கும்மா, இதுவழியாத்தான் எண்ணெ குடிக்கும்," என்று காட்டினேன். "வாயா?" என்றாள் அம்மா. "ஆமா, வாய்தான்," என்றேன்.

இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மைமூன் வருகிறாள்

சூலியா தெருவில் பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள் மைமூன். ஆறாம் வகுப்பு வரை என் பக்கத்து நாற்காலி. கணக்கில் நான் எப்போதும் அவளுக்கு ஒரு படி மேலே இருந்தேன். அவளைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வாள்.

அவளுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. வகுப்புக் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று ஒரு மத்தியானம் அதைக் கழற்றிப் பூட்டினாள். அதன்பின் அந்தக் கடிகாரம் குப்புறப் படுக்க வைத்தால் மட்டும் சரியான மணி காட்டியது. ஆறாம் வகுப்போடு அவள் வாப்பா அவளை வீட்டில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவள் வீட்டுச் சாமான்கள் பட்ட பாடு அவள் உம்மாவுக்குத்தான் தெரியும்.

நான் சொல்லி அனுப்பிய மறுநாளே ரிக்‌ஷாவில் திரை போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். கையில் கைக்குட்டையில் சுற்றிய திருப்புளி.

"பசியாறியாச்சா மாமி?"

"எங்கத்த பசியாற? மிஷினு நின்னு போச்சு தாயி."

"அலாமாக்! அழுவாதீங்க மாமி, நான் வந்துட்டேன்லா."

"உனக்கு இது தெரியுமாடி?" என்று நான் கேட்டேன்.

"எங்க வூட்டுலயும் இதே மிஷினுதான்."

"அதைச் செஞ்சிருக்கியா?"

"அது இன்னும் கெட்டுப்போவலையே. கெட்டா செய்வேன்லா."

அம்மா முறுக்குத் தட்டை அவள் முன் வைத்தாள். மைமூன் ஒரு கையால் முறுக்கைத் தின்றபடி மறு கையால் ஊசியைத் தளர்த்திப் பட்டுத் துணியை விடுவித்தாள். அதுவரை சரி. எனக்கே மரியாதை வந்தது. அதன்பின் அடித்தட்டைத் திறந்தாள். நூல்கண்டு ஓடுகிற படகைக் கழற்றினாள். முகத்தகட்டைக் கழற்றினாள். கழற்றிய திருகாணிகளை எங்கே போடுகிறாள் என்று பார்த்தேன். முறுக்குத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. விபூதியைத் தட்டிவிட்டு, அந்த இங்கிலீஷ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்தேன். "'பாகங்களைக் கழற்றும் முன், எந்தப் பாகம் ஓடவில்லை என்று முதலில் தெரிந்துகொள்க' அப்படின்னு போட்டிருக்கு."

"எதுவுமே ஓடலை. தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்த பக்கம் திருப்பு."

"சக்கரம்தான் இறுகியிருக்கு. நீ எதுக்கு ஊசிப் பக்கம் நோண்டுறே?"

"வவுத்து வலிக்கு நாக்கைப் பாக்குறாங்கல்ல டாக்டரு? அது மாதிரி."

எனக்குப் பரீட்சை இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு ஆறு, ஒரு மலை, ஒரு அரசன் என்னை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். இவளோ சாவகாசமாக, "மாமி, இதுல எள்ளு போட்டீங்களா?" என்று முறுக்கை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

குப்பு பெரியம்மாவின் பல்

அப்போதுதான் மூன்றாம் வீட்டுக் குப்பு பெரியம்மா உள்ளே வந்தார். பவளம் அவர் மகள். அந்த வருடம் அவளுக்குத் தலைத் தீபாவளி; முன்கூட்டியே தாய்வீடு வந்திருந்தாள்.

"என்னாடி இது, கோழி அறுத்தாப்புல பரப்பி வெச்சிருக்கீங்க!" என்று அலறினார். "எம்மவ ரவிக்கை எங்கே?"

அம்மா ஒரு கை உள்ள ரவிக்கையை எடுத்துக் காட்டினாள்.

"மாப்புள்ள புக்கிட் மெர்தாஜாமுலேருந்து ரயிலேறி, பெர்ரி ஏறி வர்றாரு. அவுங்க ஆத்தாளும் கூடவே வருது. எம்மவ ஒத்தைக் கை ரவிக்கையோட நின்னு ஆலாத்தி எடுப்பாளா?"

"ரெண்டு கையும் வந்துரும் மாமி, நீங்க உக்காருங்க," என்றாள் மைமூன்.

குப்பு பெரியம்மா கோபத்தோடு உட்கார்ந்தார். கோபத்தோடு தட்டில் கைவிட்டார். கோபத்தோடு கடித்தார். 'டக்' என்றது.

முறுக்கில்லை, திருகாணி. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் மட்டும் தெருக்கோடிவரை போயிற்று. அவரைச் சமாதானப்படுத்தவும், போன சாமியைத் திரும்பக் கூப்பிடவும் அம்மா அவரை அழைத்துக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்பினாள். படியிறங்கும்போது திரும்பி, "நான் வர்றதுக்குள்ள ஓடலைன்னா ஊசிநூலை எடுத்துக்கிட்டு உக்காந்துரு," என்றாள் என்னிடம்.

மறுபடியும் என்னிடம்தான். தின்றவள் ஒருத்தி, கடித்தவள் ஒருத்தி.

பொட்டு

மைமூன் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். சக்கரம் அசையவில்லை. தட்டில் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

"இது என்னா?"

"அது தேவையில்லாத சாமான்."

"தேவையில்லாமத்தான் சீமையில செஞ்சு கப்பல்ல அனுப்பினாங்களா?"

"பெரிய சாமான் செய்யறவன் கூட ஒண்ணு போட்டுத்தான் குடுப்பான்லா. கறிகாய் வாங்கினா கறிவேப்பிலை குடுக்குறதில்ல?"

புத்தகத்தை அவள் தலையில் போடலாமா என்று பார்த்தேன். புத்தகம் மிகவும் மெல்லியது. ஆகவே கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஆத்திரத்தோடு அதையும் வாசித்தேன். எண்ணெய் விடுவதைப் பற்றிய பக்கம். படத்தில் மிஷினைச் சுற்றி அம்புக்குறிகள். ஒவ்வொரு அம்பின் முனையிலும் ஒரு துளை.

"எண்ணெ விட்டீங்களா?" என்றாள் மைமூன்.

"விட்டிருப்பாங்க."

"எங்கேலா ஓட்டை?"

"இதோ..." என்று கையை நீட்டினேன். துளை இல்லை. அடுத்த இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. எந்தெந்த இடத்தில் அம்பு துளையைக் காட்டியதோ, அந்தந்த இடத்தில் எல்லாம் அழகாக, வட்டமாக, ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

நகத்தால் ஒன்றைச் சுரண்டினேன். குங்குமத்துக்குக் கீழே சந்தனம், கல் மாதிரி காய்ந்து. அதற்கும் கீழே பழுப்பாக, பிசினாக என்னவோ. மைமூன் மோந்து பார்த்தாள். "இது என்னா, தாளிச்ச வாசம் வருது?"

நல்லெண்ணெய்.

எனக்கு எல்லாம் புரிந்தது. மற்ற வருடங்களில் மிஷினின் நெற்றியில் மட்டும்தான் பொட்டு. இந்த வருடம் பட்டும், தலைத் தீபாவளியும், கூடை நிறையத் துணியுமாக வேலை பெரிதாக வந்ததில் அம்மா மனம் குளிர்ந்து போயிருக்கிறாள். நாள் கிழமையில் நாறுகிற மிஷின் எண்ணெயை ஊற்ற மனம் வரவில்லை. நாம் எண்ணெய் தேய்த்து முழுகுகிற மாதிரி, அதற்கும் செக்கில் ஆட்டின நல்லெண்ணெயை வாய் வாயாக ஊட்டிவிட்டு, வழியாமல் இருக்கச் சந்தனத்தால் அடைத்து, மேலே பொட்டும் வைத்துவிட்டாள். அந்த எண்ணெய் இத்தனை நாளில் உள்ளே பாகாகி, பசையாகிவிட்டது.

"மிஷினுக்கா சந்தனம் பூசுவீங்க?" என்றாள் மைமூன்.

"ஆயுத பூசை. பேசாம மண்ணெண்ணெயை எடு."

விளக்கிலிருந்து மண்ணெண்ணெயை வடித்தோம். என் தலையிலிருந்த கொண்டை ஊசியை உருவி ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊற வைத்து, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். முதலில் மயிரிழை அளவு அசைந்தது. பிறகு விரல்கடை. பழுப்புச் சாறு வழிந்து என் பாவாடையெல்லாம் ஆயிற்று. பிறகு கைப்பிடி தானாக என் கையை இழுத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றியது.

உண்மையான மிஷின் எண்ணெயை விட்டோம். கடகடவென்று ஓடியது. மைமூன் என்னைக் கட்டிக்கொண்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்ல!" என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சொல்லாத பிரசங்கம்

அம்மா வரும்வரை நான் மனத்துக்குள் பேச்சைத் தயாரித்தேன். அருமையான பேச்சு அது. சரஸ்வதி மிஷினைக் கட்டவில்லை, சந்தனம் கட்டியது. புத்தகம் கெடுக்கவில்லை, புத்தகம்தான் ஓட வைத்தது. குப்பு பெரியம்மாவும் கூட வருவார் என்பதால் கொஞ்சம் உரக்கவே சொல்ல இருந்தேன்.

அம்மா தனியாகத்தான் வந்தாள். சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து, செருப்பில்லாத காலை இன்னொரு முறை துடைத்துவிட்டு, மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தா," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு, மிஷினிடம். "இவ மேல பழி போட்டேனே தவிர, நெசத்துல நான்தான் பூசையில ஏதோ குறை வெச்சுட்டேன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே ஒரு குறையும் வெக்க மாட்டேன்."

நான் பேச்சைத் தொடங்க வாயைத் திறந்தேன்.

'சுரீர்' என்றது உச்சந்தலையில். மைமூன் என் முடி ஒன்றை வேரோடு பிடுங்கியிருந்தாள். நான் கத்துவதற்குள் அதை மிஷின் துடைத்த எண்ணெய்க் கந்தலில் ஒரு புரட்டு புரட்டி, அம்மா கண் திறந்தபோது நீட்டினாள்.

"இதான் மாமி சிக்கியிருந்துச்சு. உங்க பூசையில ஒரு குறையும் இல்ல. இவ முடி."

அம்மா முடியைப் பார்த்தாள். நீளம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"படிக்கிறேன்னு தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு மிஷினு பக்கத்துல உக்காந்தியா?"

"நான்..."

"உக்காந்தா மாமி," என்றாள் மைமூன் வருத்தத்தோடு. "புத்தகம் மேல குத்தமில்ல. அது பாவம், வாயில்லாத சாமான். எல்லாம் இந்தத் தலைமுடிதான்."

அம்மா முடியைச் சுருட்டி வாசல் பக்கம் எறிந்தாள். "தலையை இறுக்கிப் பின்னு," என்றாள். "பின்னிக்கிட்டு அங்கிட்டுத் தள்ளிப் போய் உக்காந்து படி. மிஷினு பக்கம் வந்தே, அறுத்துப்புடுவேன் முடியை."

வாசலில் ரிக்‌ஷா ஏறப் போன மைமூனை மறித்தேன். "எதுக்குடி பொய் சொன்னே? கண்டுபுடிச்சது நானு!"

"ஆமா. நீதான்."

"அப்புறம்?"

"போய்ப் படி புள்ளே," என்று திரையை இழுத்துவிட்டாள். அந்த மிச்சத் திருகாணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் அவள் மேல் கோபமாக இருந்தேன். பூகோளம் முழுவதையும் அந்தக் கோபத்தோடேயே படித்து முடித்தேன்.

பொட்டு வளர்ந்தது

பவளம் இரண்டு கை ரவிக்கையோடு ஆலாத்தி எடுத்தாள். நான் பரீட்சை எழுதினேன், தேறினேன். இப்போது என்னிடமே நாற்பது பெண்கள் ஆப்பிரிக்காவின் ஆறுகளைப் படிக்கிறார்கள். மிஷின் அந்தத் திருகாணி இல்லாமலே ஓடுகிறது. கறிவேப்பிலைதான் போலிருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அம்மா இப்போது நெற்றியோடு நிறுத்துவதில்லை. என் முடி உள்ளே புகுந்துவிடக் கூடாதே என்று, துளை துளையாகத் தேடி, சந்தனத்தைக் குழைத்துக் கெட்டியாக அடைக்கிறாள். அடைத்துவிட்டு என் பின்னலை ஒரு பார்வை பார்க்கிறாள். விஜயதசமிக் காலையில் அவள் கோயிலுக்குப் போனதும் நான் கொண்டை ஊசியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் நோண்டி எடுக்கிறேன். படித்த பெண், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியை, சொந்த வீட்டில் திருடியைப்போல.

பத்திரிகையில் நான் எழுதிவருகிற இந்தத் தொடரை வாரந்தோறும் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரி விடமாட்டாள்; "அப்புறம்?" என்பாள், அப்பாவைப் போலவே. இந்த வாரமும் வாசிக்க வேண்டும். தலைப்பை மாற்றி வாசிப்பேன். பொட்டைப் பற்றி எழுதியதை இரண்டு பக்கம் ஒன்றாக ஒட்டிக்கொண்டதுபோல் தாண்டிப்போவேன். "மிஷினில் ஒரு முடி சிக்கியிருந்தது" என்று சேர்த்து வாசிப்பேன்.

அம்மா முறுக்கு மாவைப் பிசைந்தபடி தலையாட்டுவாள்.

"அன்னைக்கே சொன்னேன்," என்பாள். "கேட்டியா நீ?"